அப்ரூவல் ஆன மதிப்புரை

அந்த நாவலைப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் ரைசாவுக்குக் கனவில்கூட இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிற்பாடு கல்லூரி நடத்திய விசாரணையில், மேற்படி மாணவி திட்டமிட்டே படித்திருக்கிறார் என்று வாய் கூசாமல் எழுதிவிட்டார்கள். உண்மையில் அவளும் கல்லூரியின் முந்நூறு பேரில் மற்றவர்களைப் போல, படிக்காமலேயே மதிப்புரை எழுதி, ஹால் டிக்கெட் வாங்கி, பரீட்சையை முடித்துவிட்டுப் போகத்தான் நினைத்திருந்தாள்.

ரைசா பி.ஏ. தமிழ் கடைசி வருடம். கல்லூரி, பனியன் கம்பெனி முதலாளி அப்புசாமியுடையது. நாலு யூனிட் ஓடுகிறதே, ஐந்தாவதாக ஒரு கல்லூரியும் ஓடட்டும் என்று கட்டியது. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. போன தடவை வந்த தரச் சான்றுக் குழுதான் கெடுத்துவிட்டது. 'மாணவர்களுக்கு நூல்களை ஆராய்ந்து மதிப்பிடும் பயிற்சி போதாது' என்று ஒரே ஒரு வரி எழுதி, கிரேடைக் குறைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்புசாமி அன்று மதியம் சாப்பிடவில்லை. சரக்கு வாங்கும் ஜெர்மனிக்காரன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் குறை காணாத மனிதரை, ரயிலில் வந்த மூன்று பேர் குறை சொல்லிவிட்டார்கள் என்றால் சும்மாவா?

மறுநாளே தன் கம்பெனியின் குவாலிட்டி மேனேஜர் சண்முகவேலைக் காரில் அழைத்து வந்து, மதிப்புரைத் துறைத் தலைவராக உட்காரவைத்தார். அப்படி ஒரு துறை அதுவரை கிடையாது. நாற்காலி முதலில் வந்தது, துறை பிறகு வந்தது.

சண்முகவேல் நல்ல மனிதர். கெட்ட பழக்கம் எதுவும் இல்லை, படிக்கும் பழக்கம் உட்பட. அவர் சோதித்து அனுப்பிய சரக்கில் ஒரு பீஸ்கூடக் கடல் தாண்டித் திரும்பி வந்ததில்லை என்பது ஊரறிந்த சங்கதி. அவர் முதல் வேலையாகத் தமிழ்த்துறை தரணி மேடத்தைக் கூப்பிட்டு, இதுவரை மதிப்புரை எழுத எப்படிச் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று விசாரித்தார்.

"புத்தகத்தப் படிச்சுட்டு வரச் சொல்லுவனுங்க சார். படிக்கறப்ப எந்த எடம் மனசுல குத்துச்சோ, அதப் பத்தி எழுதச் சொல்லுவனுங்க" என்றார் தரணி மேடம்.

'புத்தகத்தில் ஏதோ குத்துகிறது' என்று சண்முகவேல் குறித்துக்கொண்டார். துணியில் உடைந்த ஊசிமுனை சிக்கியிருந்தால் கண்டுபிடிக்கும் மெஷின் ஒன்று கம்பெனியில் உண்டு. அது அன்று சாயங்காலமே நூலகத்துக்கு வந்து இறங்கியது. புத்தகங்களை ஒவ்வொன்றாக அதற்குள் விட்டார்கள். தடித்த புத்தகங்கள் தப்பித்தன. ஸ்டேப்ளர் பின் அடித்த மெல்லிய கவிதைத் தொகுப்புகள் உள்ளே போனதும் மெஷின் கீச்கீச்சென்று கத்தியது. இரண்டே நாளில் கவிதைப் பகுதி காலி. அங்கே இப்போது வாட்டர் கேன் வைத்திருக்கிறார்கள்.

தேறிய புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பாலி பேக்கில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்றையும் கூடவே போட்டு, வாயை ஒட்டினார்கள். மேலே 'திறக்கக் கூடாது' என்று சிவப்பு ஸ்டிக்கர். அதன் பிறகுதான் வகுப்பு ஆரம்பித்தது.

உறையைத் திறக்காமல் மதிப்புரை எழுதித் தந்தால்தான் ஹால் டிக்கெட் என்று சண்முகவேல் விதிகளைச் சொல்லி முடித்ததும் ரைசா எழுந்தாள். எழுந்திருக்கவே கூடாது என்றுதான் நினைத்திருந்தாள், என்ன செய்வது, வாய் கேட்கவில்லை.

"ஏனுங்க சார், புத்தகத்த எப்பங்க படிக்கறது?"

"நல்லாக் கேட்டுக்கோ கண்ணு. கம்பெனியில மொதல்ல சாம்பிள் தைப்போம். சரக்கு வாங்கற பையர் அதப் பாத்து அப்ரூவல் குடுக்கோணும். அப்பறந்தான் மொத்தச் சரக்கும் தைக்கறது. எல்லாத்தையும் தைச்சுப் போட்டு அப்பறமா அப்ரூவல் கேட்டா ஒத்துக்குவாங்களா?"

"இல்லீங்க."

"அதேதான் இங்கயும். மொதல்ல மதிப்புரை எழுதி அப்ரூவல் வாங்கோணும்."

"வாங்குனதுக்கப்பறம் படிக்கலாமுங்களா?"

சண்முகவேல் கொஞ்சம் யோசித்தார். அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"அதுதான் அப்ரூவல் ஆயிப்போச்சே, அப்பறம் எதுக்குப் படிக்கோணும்?"

ரைசா உட்கார்ந்துவிட்டாள்.

முதல் சாம்பிள் கொடுத்தவன் நித்தீஷ். செல்போனைப் பார்த்தபடியே எழுதினான். 'இந்நூல் மிகச் சிறந்த நூல். ஆசிரியர் சமுதாயத்துக்கு நல்ல கருத்துகளைக் கூறியுள்ளார். நடை எளிமையாகவும் இனிமையாகவும் உள்ளது. அச்சுப் பிழைகளைத் தவிர்த்திருக்கலாம். அனைவரும் வாங்கிப் படித்துப் பயன்பெற வேண்டும்.' சண்முகவேல் அதை அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜையில் விரித்து, டேப் வைத்து நீளம் அகலம் அளந்தார். நாலு வரி பாராட்டு, ஒரு வரி குறை.

"எம்பதுக்கு இருவது. பஞ்சும் பாலியஸ்டரும் கலக்கற மாதிரி பிளெண்ட் கரெக்டா வந்திருக்குது" என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்.

சாம்பிள் அப்ரூவல் ஆகிவிட்டால் மொத்தச் சரக்கும் அதே மாதிரி இருக்க வேண்டும் என்பது தொழில் தர்மம். ஆகவே முந்நூறு பேரும் அந்த ஐந்து வரியை எழுதினார்கள். ஆளுக்கொரு புத்தகம் என்று ஒதுக்கியதில் ஒரு பெண்ணுக்கு ரயில்வே கால அட்டவணை வந்திருந்தது. நடை எளிமையாகவும் இனிமையாகவும் உள்ளது என்று எழுதினாள். அகராதி வந்தவன், ஆசிரியர் சமுதாயத்துக்கு நல்ல கருத்துகளைக் கூறியுள்ளார் என்றான். தரணி மேடம் மட்டும் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"சார், புத்தகம் மாறுது. மதிப்புரை மாறலையேங்க?"

"சைஸ் மாறுனா டிசைன் மாறுமுங்களா மேடம்?" என்றார் சண்முகவேல். மேடத்துக்கு வீட்டுக்கடன் இருந்தது. அடுத்த தாளை எடுத்து நீட்டினார்.

திட்டத்தின் தொடக்க விழாவில் தாளாளர் அப்புசாமி பேசினார். எழுதிவைத்துப் படிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

"நானு ஒம்பதாவதோட படிப்ப நிறுத்திப்போட்டனுங்க. அதுக்கப்பறம் ஒரு புத்தகத்தயும் தொட்டதில்லீங்க. அதனாலதான் எந்தப் புத்தகத்தப் பத்தியும் பாரபட்சமில்லாம பேச முடியுது. படிச்சவங்களப் பாருங்க, இது நல்லாருக்குது, அது நல்லால்லேன்னு ஒரே சண்டை. நம்ம காலேசுல சண்டையே வராதுங்க. நம்ம நூலகத்துல எந்தப் புத்தகத்த வேணா எடுத்துப் பாருங்க, கடையில வாங்குன மாதிரியே இருக்கும். அறிவ அழுக்கு படாம காப்பாத்தி வெச்சிருக்கறோம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ரைசாவும் தட்டினாள்.

இனி விஷயத்துக்கு வரலாம். மதிப்புரையோடு சேர்த்து ஒவ்வொருவரும் தன் புத்தகத்தின் வெளிச் சோதனையையும் முடித்துத் தர வேண்டும். அட்டை நிறம் சரியா, மூலை மடங்கியிருக்கிறதா, இவ்வளவுதான். அதற்காக ஒரே ஒரு நாள் புத்தகத்தை உறையோடு வீட்டுக்குத் தருவார்கள். ரைசாவுக்கு வந்தது 'கடைசி ஸ்டாப்புக்கு முன்னால்' என்ற நாவல். அதைப் பையில் போட்டுக்கொண்டு, வழக்கம்போல் மதியம் கல்லூரி முடிந்து காதர்பேட்டையில் இருக்கும் அப்பாவின் கடைக்குப் போனாள்.

அத்தா அமானுல்லா, கம்பெனிகள் கழித்துக் கட்டும் சரக்கை எடுத்து விற்பவர். எங்கோ ஒரு தையல் விட்டிருக்கும், எங்கோ ஒரு புள்ளி எண்ணெய்க் கறை இருக்கும். அந்த டீ-ஷர்ட்டுகள் மூட்டை மூட்டையாக வரும். உறையைக் கிழிப்பது, உதறுவது, குவியலில் எறிவது, இதுதான் காலையிலிருந்து இரவு வரை அவர் வேலை. பாலி பேக்கைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. ரைசா டீ வாங்கப் போயிருந்தாள். பையிலிருந்து எட்டிப் பார்த்த உறை அவர் கண்ணில் பட்டது. திரும்பி வந்தவள் 'கிழிக்காதீங்க அத்தா' என்று கத்துவதற்குள் புத்தகம் மீடியம் சைஸ் குவியலில் போய் விழுந்திருந்தது.

"இதென்னம்மா, உள்ள சட்டையக் காணோம்?" என்றார் அமானுல்லா.

ரைசாவுக்கு அழுகையே வந்துவிட்டது. உறை இரண்டாகக் கிழிந்திருந்தது. திறந்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் ஹால் டிக்கெட் கிடையாது. அத்தா என்னென்னவோ சமாதானம் சொன்னார், தன்னிடமிருந்த நல்ல உறை ஒன்றை எடுத்து ஒட்டியும் காட்டினார். அதில் எக்ஸ்எல் என்று அச்சடித்திருந்தது. சரி, கெட்டது கெட்டுவிட்டது, உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம் என்று டீ-ஷர்ட் குவியல்மேல் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் புரட்டினாள். திட்டமிட்டுப் படித்த லட்சணம் இதுதான்.

கதை ஒன்றும் பெரிய கதை இல்லை. ராசம்மா என்று ஒருத்தி பனியன் கம்பெனியில் தைத்த துணியில் நூல் பிசிர் வெட்டுகிறாள். தினமும் ஒரே டவுன் பஸ், ஒரே ஸ்டாப். புருஷன் முரடன் இல்லை, பிள்ளைகள் தறுதலைகள் இல்லை, மாமியார்கூடச் சுமாராகத்தான் படுத்துகிறாள். கடைசி அத்தியாயத்தில் ஒருநாள் சாயங்காலம் அவளுடைய ஸ்டாப் வருகிறது. ஜன்னல் வழியே பிள்ளைகள் நிற்பது தெரிகிறது. கண்டக்டர் விசில் கொடுக்கிறான். ராசம்மா எழுந்திருக்கவில்லை. பஸ் நகர்கிறது. அதோடு நாவல் முடிந்துவிடுகிறது.

ரைசா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். வெற்றுத்தாள்தான் இருந்தது. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. எழுதியவர்மேல் கோபம், ராசம்மாமேல் கோபம், அந்தக் கண்டக்டர்மேல்கூடக் கோபம். இன்னொரு விசில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் அவனுக்கு? அன்று சாயங்காலம் அவள் வேலம்பாளையம் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள். அம்மா சபுரா பீவி கம்பெனி விட்டு வரும் பஸ் வந்தது. அம்மா இறங்குகிற வரைக்கும் ரைசா பஸ் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கியதும் ஓடிப்போய் டிபன் பையை வாங்கிக்கொண்டாள்.

"என்னடி புதுசா?" என்றாள் சபுரா பீவி.

"ஒண்ணுமில்லீங்கம்மா" என்றாள் ரைசா. ஆனால் வீடு போய்ச் சேரும்வரை அம்மாவின் கையை அவள் விடவில்லை.

மறுநாள் கல்லூரியில் உட்கார்ந்து ஐந்து வரியையும் எழுதினாள். சமுதாயம், எளிமை, இனிமை எல்லாம் சரியாக வந்தன. பேனாவை மூட வேண்டியதுதான் பாக்கி. மூட முடியவில்லை. ஆறாவதாக ஒரு வரி எழுதினாள். 'ஆனால் ராசம்மா ஏன் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை?'

தரணி மேடம் அதைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"ஹால் டிக்கெட் போயிரும் கண்ணு. இந்த ஒரு வரிய எடுத்துரு."

"தெரியுமுங்க மேடம். எடுத்துத்தான் பாத்தனுங்க. எடுத்தா மத்த அஞ்சு வரியும் பொய் சொல்ற மாதிரியே இருக்குதுங்க."

மேடம் பெருமூச்சு விட்டார். பிறகு அந்தத் தாளை மதிப்புரைக் கட்டின் நட்டநடுவில் செருகி, எக்ஸ்எல் உறை போட்ட நாவலையும் புத்தகங்கள் அடுக்கிய பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டார். மொத்தத்தையும் யார் பார்க்கப் போகிறார்கள், மேலே நாலு, கீழே நாலுதானே பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு.

தரச் சான்றுக் குழு வந்தது. பூரணகும்பம், நாதஸ்வரம், ஆளுக்கொரு டீ-ஷர்ட் செட். குழுத் தலைவர் மதிப்புரைக் கட்டில் மேலே இரண்டைப் படித்தார், கீழே இரண்டைப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பிரமாதம் சார்! முந்நூறு மாணவர்கள், முந்நூறு புத்தகங்கள், ஒரே கருத்து! நாங்க போற இடத்துல எல்லாம் பசங்க ஆளுக்கொண்ணு எழுதிவைக்கிறாங்க. அதையெல்லாம் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கு. இங்கே ஒண்ணைப் படிச்சாப் போதும். இதுதான் அறிவு ஒழுங்கு."

மகிழ்ச்சி மிகுதியில் நடுவிலிருந்தும் ஒன்றை உருவினார். அங்கேதான் விதி விளையாடியது. அவர் உதடு ஐந்து வரி அசைந்தது. ஆறாவதில் நின்றது.

"யார் இந்த ராசம்மா?"

அப்புசாமி சண்முகவேலைப் பார்த்தார். சண்முகவேல் தரணி மேடத்தைப் பார்த்தார். மேடம் மின்விசிறியைப் பார்த்தார்.

"நம்ம கேன்டீன்ல ஒரு ராசம்மா இருக்குதுங்க. கூட்டியாரச் சொல்லட்டுங்களா?" என்றார் அப்புசாமி.

ரைசாவைக் கூட்டி வந்தார்கள். பெட்டிக்கு அடியிலிருந்து நாவலும் வந்தது. சண்முகவேல் கையுறை போட்டுக்கொண்டு அதைப் பிரித்தார். நடுப்பக்கத்தில் டீ சொட்டியிருந்தது. கடைசிப் பக்கத்தில் கட்டைவிரல் பதிந்திருந்தது.

"நீ இதைப் படிச்சியாம்மா?" என்று குழுத் தலைவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஆமாங்க."

"முழுசாவா?"

"ஆமாங்க. தெரியாம நடந்துபோச்சுங்க."

ஹாலில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தனையோ கல்லூரி பார்த்துட்டேன் சார். எங்கேயும் எந்த மாணவியும் என்னை இப்படிக் கேள்வி கேட்டதில்லை. இதுக்கு நான் என்ன பதில் சொல்லணும்? பதில் சொல்லணும்னா நானும் அந்தப் புத்தகத்தைப் படிச்சிருக்கணுமே! இது என்ன நியாயம்?"

கம்பெனி விதிப்படி, பெரிய பழுது ஒரே ஒரு பீஸில் இருந்தாலும் மொத்த லாட்டும் ரிஜெக்ட். சண்முகவேல் அந்த விதிக்காகவே வாழ்ந்தவர். அவரே எழுந்து நின்று, தன் வாயாலேயே, லாட் ரிஜெக்ட் என்று அறிவித்தார். கிரேடு நிறுத்திவைக்கப்பட்டது. பழுதுக்கு மூல காரணம் என்ன என்று சண்முகவேல் அறிக்கை தர வேண்டும். அதுவரை ரைசாவுக்கு ஹால் டிக்கெட் இல்லை. அன்றே நடந்த முதல் விசாரணையில் அவள் திட்டமிட்டே படித்ததாக எழுதிக்கொண்டார்கள். பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

ரிஜெக்ட் ஆன சரக்கை அப்புசாமி ஒருநாளும் குடோனில் வைத்துக்கொண்டதில்லை. நூலகம் மொத்தத்தையும் எடைக்குப் போட்டுவிடச் சொன்னார். எடுத்தவர் அமானுல்லா. ரிஜெக்ட் சரக்கு என்றால் ஊரில் எல்லோரும் அவருக்குத்தான் முதலில் போன் போடுவார்கள். அவர் உறைகளைக் கிழித்து, உதறி, டீ-ஷர்ட்டுகளுக்குப் பக்கத்தில் குவித்தார். தடித்தது எல்லாம் லார்ஜ், மெலிந்தது எல்லாம் ஸ்மால். சட்டை வாங்க வந்தவர்கள் கையில் எடுத்துப் பார்த்தார்கள், நின்றபடியே நாலு பக்கம் படித்தார்கள், சிலர் வாங்கியும் போனார்கள். ரைசா ஒரு ஓரத்தில் முகத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று வருடப் படிப்பு ஒரு வரியில் போய்விட்டது.

"என்னாலதானம்மா எல்லாம்" என்றார் அமானுல்லா. "காலேசுக்கு வந்து நாந்தான் கிழிச்சேன்னு சொல்லட்டுமா?"

"வேண்டாங்கத்தா. நீங்க கிழிச்சீங்க. படிச்சது நானுதானுங்களே."

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு முன்னால் ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவர் சண்முகவேல். சவரம் செய்யவில்லை. கையில் அந்த நாவல். மூல காரண அறிக்கைக்கு ஆதாரம் என்று அதை மட்டும் அவர் எடைக்குப் போடாமல் வைத்திருந்தார்.

ரைசா எழுந்து நின்றாள். விசாரணை கடை வரைக்கும் வந்துவிட்டதே என்று அத்தாவின் பக்கம் நகர்ந்தாள்.

"கண்ணு" என்றார் சண்முகவேல். "அறிக்கை எழுதோணுமில்ல, பழுது எங்க இருக்குதுன்னு பாக்கலாம்னு பக்கம் பக்கமாப் பாத்தேன். பாத்தனா... படிச்சுப்போட்டேன்."

"சார்!"

"மூணு தடவ படிச்சுட்டேன். அந்தம்மா ஏன் கண்ணு எறங்கல?"

"எனக்குத் தெரியலீங்க சார். தெரிஞ்சா எழுதியிருக்க மாட்டனுங்களே."

"புருசன் அடிக்கறவனுமில்ல. பிசிர் வெட்டற வேல ஒண்ணும் மலையப் பொளக்கற வேலையுமில்ல. நம்ம கம்பெனியிலயே நூறு பேரு வெட்டறாங்க. அவங்கெல்லாம் எறங்கத்தான செய்யறாங்க?"

"எறங்கறாங்க சார். ஆனா ஒருநாளாவது எறங்க வேண்டாம்னு நெனச்சிருப்பாங்களோ என்னமோ. நாம யாரும் கேட்டதில்லீங்களே."

சண்முகவேல் டீ-ஷர்ட் குவியல்மேல் உட்கார்ந்தார். "என்ற ஊட்டுக்காரியும் பஸ்லதான் வர்றா. நாலு நாளா நானு ஸ்டாப்புல போயி நிக்கறேன். என்னத்துக்கு வந்து நிக்கறீங்கன்னு கேக்கறா. என்னன்னு சொல்லறது?"

இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். ராசம்மா மறுநாள் வந்திருப்பாளா, கண்டக்டர் ஏன் கேட்கவில்லை, கடைசி வெற்றுத்தாள் வேண்டுமென்றே விட்டதா என்று ஒன்றுவிடாமல். அப்புசாமியின் கல்லூரி ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு புத்தகத்தைப் பற்றி நடந்த முதல் பேச்சு அதுதான். அமானுல்லா சற்று நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, பேச்செல்லாம் சரி. நீங்க உக்காந்திருக்கறது எக்ஸ்எல் சரக்கு. ஆளுங்க நிக்கறாங்க, கொஞ்சம் நகந்துக்கறீங்களா?"

திங்கட்கிழமை சண்முகவேல் அறிக்கையை அப்புசாமியிடம் கொடுத்தார். முதலாளிக்குப் புரிகிற மாதிரி வாயாலும் விளக்கினார்.

"அந்த ஆறாவது வரி பழுது இல்லீங்க முதலாளி. ஒரு பீஸ்ல பாக்கெட் இருக்குது, மத்த பீஸ்ல இல்ல. அதான் பழுது. ஒண்ணு, அந்தப் பாக்கெட்டப் பிரிக்கோணும். பிரிச்சா ஓட்ட தெரியும். இல்லீன்னா, எல்லாத்துக்கும் பாக்கெட் வெச்சுரோணும்."

"வெச்சுருங்க" என்றார் அப்புசாமி.

ரைசாவின் மதிப்புரைக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. அதுதான் இனி அப்ரூவல் சாம்பிள். சாம்பிள் கொடுத்தவருக்கு ஹால் டிக்கெட்டை மறுக்க விதியில் இடமில்லை என்று சொல்லிச் சண்முகவேல் அன்றைக்கே வாங்கிக் கொடுத்தார். அவள் அதை வாங்கித் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டு அழுதாள். தரணி மேடமும் கூடச் சேர்ந்து கொஞ்சம் அழுதார்.

மொத்தச் சரக்கும் சாம்பிள் மாதிரி இருக்க வேண்டுமே! முந்நூறு பேரும் மறுபடி எழுதினார்கள். அகராதியைப் பற்றிய மதிப்புரை 'ஆனால் ராசம்மா ஏன் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை?' என்று முடிந்தது. வேதியியல் பாடநூலுடையதும் அப்படியே முடிந்தது. ரயில்வே கால அட்டவணை வந்த பெண்ணுக்கு மட்டும், பஸ்ஸை ரயில் என்று மாற்றலாமா என்று ஒரு சந்தேகம் வந்தது. சாம்பிளை மீறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நூலகத்தில் அப்போது ஒரு புத்தகம்கூட இல்லை. அது யாருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை.

குழு திரும்பி வந்தது. தலைவர் மேலே, கீழே, நடுவே என்று எல்லா இடத்திலும் உருவிப் பார்த்தார். எல்லாவற்றிலும் ராசம்மா. கல்லூரிக்கு உயர்ந்த கிரேடு கொடுத்துவிட்டு, முந்நூறு புத்தகத்திலும் ஒரே கேள்வியைக் கண்டெடுத்த கல்லூரி இந்தியாவிலேயே இது ஒன்றுதான் என்று மைக்கில் சொன்னார். அப்புசாமி அன்று மதியம் இரண்டு வேளைச் சாப்பாட்டைச் சேர்த்துச் சாப்பிட்டார்.

ஒரே ஒரு தொந்தரவுதான் மிச்சம். எழுதிய முந்நூறு பேருக்கும் மனசு அரிக்க ஆரம்பித்துவிட்டது. பதில் தெரியாத கேள்வியைத் தன் கையாலேயே எழுதினால் யாருக்குத்தான் அரிக்காது? முதலில் வந்தவன் நித்தீஷ். பரீட்சை முடிந்த அன்று கடைக்கு வந்து, டீ-ஷர்ட் பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ரைசா, அந்த ராசம்மா யாரு? நெசமாவே எறங்கலையா?"

"படிச்சுப் பாரு."

"அப்பப் புத்தகத்தக் குடு."

அவனுக்குப் பின்னால் ரயில்வே கால அட்டவணைக்காரி நின்றாள். அவளுக்குப் பின்னால் வேதியியல். அதற்கும் பின்னால் முகம் தெரியாத ஜூனியர்கள் ஏழெட்டுப் பேர். அமானுல்லா இது எதற்கு வந்த கூட்டம் என்று புரியாமல், லார்ஜா மீடியமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ரைசா கையை விரித்தாள். "இருந்தது ஒரே காப்பி. அதும் சண்முகவேல் சார்கிட்ட இருக்குது. கேட்டுப் பாத்தேன், இன்னும் ஒரே ஒருதடவ படிச்சுட்டுத் தர்றேங்கறாரு."